தம்பிக்கு, ஈஸ்ட்ஹாமிலிருந்து

அன்புள்ள தம்பி,

உன் பிறந்தநாளுக்கு அம்மா அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. அந்த விலாசத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தது. தபால்காரர் பிழை விட்டிருப்பார் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்லு. இதை உன் வேலை இடத்துக்குப் போடுகிறேன்.

எனக்கு இப்போது நேரம் நிறைய. சின்ன வயதில் வெஸ்ட்ஹாம், வெஸ்ட்ஹாம் என்று உயிரை விடுவாயே, அந்த உதைபந்தாட்டக் கிளப் முதலில் எங்கெங்கே விளையாடியது என்று லைப்ரரியில் வாசித்துவிட்டு, அந்தப் பக்கமெல்லாம் நடந்து பார்க்கிறேன். 1895இல் தேம்ஸ் அயன்வர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் கொம்பனியின் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. முதல் மைதானம் கனிங்டவுனில், ஹெர்மிட் ரோட்டில். கம்பங்களில் மின்விளக்குக் கட்டி இரவிலும் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தார்களாம்! நீ என்றால் அதற்கும் போய் முன்வரிசையில் நின்றிருப்பாய். ஆனால் அடுத்த வருஷமே, 1896 ஒக்டோபரில், இடத்துக்காரர்கள் எழும்பச் சொல்லிவிட்டார்கள். கேட்காமல் வேலி போட்டதும், ஆட்டம் பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கியதும்தான் காரணம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. வாடகை ஒப்பந்தம் என்றால் முழுக்க வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன எழுத்தையும் வாசிக்க வேண்டும்.

அதன்பிறகு நம் பக்கம்தான் வந்தார்கள், பிரவுனிங் ரோட்டுக்கு. முருகன் கோயிலில் இருந்து நடக்கிற தூரம். ஆனால் இங்கேயிருந்த சனம் அவர்களை அண்டவே இல்லை. அந்த சீசன் முடியும்வரை எப்படியோ சமாளித்தார்கள். புது இடத்தில் சனம் முகம் கொடுக்காவிட்டால் அது வந்தவனின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. வந்தவனும் அப்படி நினைக்கக் கூடாது.

பிறகு கொம்பனி முதலாளி ஆர்னல்ட் ஹில்ஸ் 20,000 பவுண் செலவழித்து பிளேஸ்டோவில் மெமோரியல் மைதானத்தைக் கட்டினார். 1897 ஜூனில், விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 வருஷமான கொண்டாட்டத்தோடு திறந்தார்கள். சைக்கிள் ஓட்டத் தனிப் பாதைகூட இருந்தது. 1900இல்தான் கிளப் வெஸ்ட்ஹாம் யுனைட்டட் ஆனது. அவ்வளவு பெரிய இடத்தையும் 1904இல் விட்டார்கள், ஹில்ஸுடன் குத்தகை சரிவரவில்லை. பார், இங்கேயும் ஒப்பந்தம்தான்! நாலாவது இடம்தான் உனக்குத் தெரிந்த அப்டன்பார்க். 2016 வரை, 112 வருஷம். கடைசி ஆட்டத்தில் மென்செஸ்டர் யுனைட்டட்டை 3-2 என்று வென்ற கதையை நீ விடியும்வரை சொன்னாய். இப்போது ஒரு வசனம் சொல்லவும் உனக்கு நேரமில்லை.

கோயிலில் உன்னைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம் நல்ல வேலை, நல்ல இடம் என்றுதான் சொல்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டால்தான் கதையை மாற்ற வேண்டியிருக்கிறது.

அந்த ஹில்ஸ் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவரும்கூட. காந்தி இங்கே படித்த காலத்தில் அதன் செயற்குழுவில் இருந்தவர். ஒரு டொக்டரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று ஹில்ஸ் நின்றபோது காந்திக்கு அது சரியாகப் படவில்லை. தன் எண்ணத்தை எழுதிக்கொண்டு போனார், ஆனால் வாசிக்கத் துணிவு வரவில்லை. வேறொருவர்தான் வாசித்தார். காந்திக்கே அப்படியென்றால் உனக்கென்ன? கதைக்க முடியாவிட்டால் எழுதி அனுப்பு. எனக்கு அனுப்ப விருப்பமில்லாவிட்டால் அக்காவுக்கு அனுப்பு. அவள் எங்களுக்கு எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொல்வாள்.

சின்ன மாமாவுக்கு சுகர் கொஞ்சம் கூடிவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கேயாவது டிபோசிட் கட்டக் காசு தேவையென்றால் கேள், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை ஒருக்கால் படமெடுத்து அனுப்பு. நானும் வாசித்துப் பார்க்கிறேன்.

அப்பா