தம்பிக்கு, அம்மா டைப் பண்ணுனது

கண்ணு,

சாப்பிட்டியா சாமி. போன் அடிச்சா எடுக்க மாட்டீங்கற, பொறகு கூப்படறேன்மான்னு ஒரு மெசேஜ் வருது, அந்தப் பொறகு வரவே மாட்டீங்குது. வாய்ஸ் மெசேஜ் போடலாம்னு பட்டன அமுக்குனா எனக்குத் தொண்ட கட்டிக்குது, அதனால உக்காந்து டைப் பண்ணறேன். எழுத்து அங்கங்க மாறியிருந்தா நீயே சரி பண்ணிப் படிச்சுக்க. வேல இருந்தா அப்பறமா படி, அவசரம் ஒண்ணுமில்ல.

ஊட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு பரண காலி பண்ணுனோம், உன்ற பொட்டி கெடச்சுது. அப்பா கம்பெனில இருந்து கொண்டாந்த எக்ஸ்போர்ட் அட்டப்பொட்டி, சணல் கயிறு போட்டு நீயே கட்டி வெச்சது, மேல ஸ்கெட்ச்ல யாரும் தொடக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கற. தொட்டுட்டேன். பேபிளேடு அப்படியே இருக்குது, அத இழுத்து விடற பல்லு வெச்ச பட்டையத்தான் காணோம். பெருமாநல்லூர் குண்டம் திருவிழாவுக்குப் போனப்ப அழுது பொரண்டு வாங்குனயே பொட்டுவெடித் துப்பாக்கி, அது துருப்புடிச்சு விசையே அசைய மாட்டீங்குது. டபிள்யூடபிள்யூஇ டிரம்ப் கார்டுக்குப் போட்டிருந்த ரப்பர் பேண்டு இளகி அட்டையோட ஒட்டிக்கிச்சு, மெதுவா உரிச்சு எடுத்தேன், அண்டர்டேக்கர் மட்டும் தனியா ஒரு பாலித்தீன் கவர்ல பத்தரமா இருந்தாரு.

அப்பறம் அப்பா பண்ணிக் குடுத்த கோன் ரோபோ. காலி நூல் கோன ஒண்ணு மேல ஒண்ணு சொருகி கண்ணுக்கு பட்டன் ஒட்டுனது. பனியன் துணி கட்டிங் வேஸ்ட சுத்திச் சுத்தி மேல எலாஸ்டிக் போட்ட பந்தும் கெடக்குது, அதுல பத்துப் பதினஞ்சு கலர் இருக்கும், இன்னிக்கும் எகிறுது. எங்க காலத்துல நுங்கு வண்டியும் மண்சொப்பும்தான், உங்களுக்கு பனியன் கம்பெனி ஒரு கடையையே குடுத்துச்சு, திருப்பூர்ல பொறந்த புள்ளைங்களுக்கு மட்டும் கெடைக்கற பொம்மை அது. காசு போட்டு வாங்குனது துருப்புடிச்சுப் போச்சு, வேஸ்ட்ல பண்ணுனது கெட்டியா நிக்குது பாரு.

அந்தப் பொட்டியில அடியில ஒரு டிபன் டப்பா, உள்ள அந்த எட்டு மூலைக் கல்லுங்க. பேக்கிங் அட்டைய வெட்டி ஜாக்கி சான் கார்ட்டூன்ல வர்ற மாதிரியே எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்னின்னு 12ம் வரைஞ்சிருக்கற. பன்னிதான் நாய் மாதிரி இருக்குது, அத அன்னிக்கு சொன்னதுக்கு நீ சோறு உங்காம படுத்தது நெனப்பு இருக்குதா? எந்தக் கல்லுக்கு என்ன சத்தின்னு எனக்கு இன்னும் மறக்கல. எருதுக்கு பலம், முயலுக்கு வேகம், பாம்பு வெச்சிருந்தா ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, குதிரை காயத்த ஆத்தும். எலிக்கு அசையாத பொருள அசைய வெக்கற சத்தி. கரண்ட்டு போறப்பல்லாம் நீ எலி அட்டைய எடுத்து டிவி மேல வெச்சுட்டு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்திருப்ப. அப்ப பவர் கட்டு ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம், பாவம் அந்த எலி என்ன பண்ணும். ஒருக்கா நீ வெச்ச அதே நிமிசம் கரண்ட்டு வந்துருச்சு, தெருவே கேக்கற மாதிரி கத்துன.

அது கவர்மெண்டு குடுத்த 14 இஞ்ச் டிவி. 2007ல சுட்டி டிவி வந்தப்ப நீ ரெண்டாவது. அதுக்கு முன்னாடி கார்ட்டூன் நெறைய வந்துச்சு, ஆனா தமிழ்ப் புள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு சேனல் வந்தது அதுதான். டோராவும் புஜ்ஜியும் வந்தா குள்ளநரி திருடக்கூடாதுன்னு உன்ற அமுச்சி, எங்கம்மாவும் கூடச் சேந்து கத்துவாங்க, அவங்க சீரியல் பாக்கறத விட அதத்தான் நெசமா ரசிச்சாங்க, இதைய நான் யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ஜாக்கி சான்ல எனக்குப் புடிச்சது அந்த அங்கிள்தான். பழைய சாமான் கடை வெச்சுகிட்டு, காஞ்ச மீனக் கையில புடிச்சு மந்திரம் சொல்லிகிட்டு, எல்லாத்தையும் சொல்லி முடிச்சு ஜாக்கிய அனுப்பிட்டு திரும்ப கூப்புட்டு இன்னும் ஒண்ணுன்னு ஆரம்பிப்பாரே. உங்கப்பா கருவாட்டத் தூக்கிப் புடிச்சு உனக்கு மந்திரம் போட்டு ரெண்டு வெரல்ல நெத்தியில தட்டுவாரு. அந்த ஜேடு புள்ளைய நெனச்சா எனக்கு அப்பவே வெசனமா இருக்கும். ஹாங்காங்ல அப்பா அம்மா இருக்கறாங்க, அந்தச் சின்னப் புள்ளைய அத்தன தூரம் அமெரிக்காவுக்கு அனுப்பி வெச்சிருக்காங்களே, ஒரு போன் பண்ணி உண்டியான்னு கேப்பாங்களா மாட்டாங்களான்னு. நீ சிரிப்ப. அது சாகசம் பண்ணுதும்மா, அதுக்கு எதுக்கு போன்னு சொல்லுவ.

அந்த ஆடு போட்ட கல்லு வெச்சிருந்தா உடம்ப இங்கயே விட்டுட்டு உசுரு மட்டும் எங்க வேணா போயிட்டு வரலாமில்ல? அது நெசமா இருந்தா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன், பெங்களூர்ல உன்ற ரூமுக்கு ஒரு எட்டு வந்து, தூங்கறியா, அரிசி பருப்பு இருக்குதான்னு பாத்துட்டு சத்தம் காட்டாம திரும்பிருவேன்.

நேரத்துக்கு சாப்புடு. ராத்திரி பரோட்டா வேண்டாம். உன்ற சம்பளத்துல வாங்குன இந்தப் பெரிய டிவியப் பாத்துட்டு பெரியம்மா ஊட்ல எல்லாருக்கும் பெரும, உங்க பையன் தங்கம்னு வாய் நெறைய சொன்னாங்க. எனக்கும் பெருமதான். ஆனா டிவி வாங்கிக் குடுத்தவன் வாயத் தொறந்து பேச மாட்டீங்கறானேன்னு இருக்குது.

அந்த டிவியப் பத்தித்தான் ஒண்ணு சொல்லணும். தீபாவளிக்கு வந்தப்ப யூடியூப்ல உன்ற அக்கவுண்ட்ட போட்டுட்டு அப்படியே போயிட்ட. நான் கந்த சஷ்டியும் சமையலும் பாக்கறதும் அதுலதான். கொஞ்ச நாளா தொறந்தா ஜாக்கி சானா வந்து நிக்குது. மொதல்ல டிவி தானா காட்டுதுன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா ஒவ்வொரு படத்துக்கு அடியிலயும் செவப்புக் கோடு ஓடியிருக்குது. வெள்ளென அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சாமி பாட்டுப் போட வந்தா பாதி ஓடியிருக்கும், குளிச்சுட்டு வந்தா முழுசும் முடிஞ்சு அடுத்ததுக்குப் போயிருக்கும். செவ்வாக்கெழம பகல் பதினோரு மணிக்கு ஓடுது. புதன்கெழமையும் ஓடுது. நான் வேவு பாக்கலடா, கண்ணுல படுது, என்ன பண்ணட்டும்.

லீவு போட்டிருப்ப. நான் ஒண்ணும் கேக்கல.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி சொல்றேன். நீ அஞ்சாவது படிக்கறப்ப அப்பா கொஞ்ச காலம் ஊட்லயே இருந்தாருல்ல, லீவுன்னு சொன்னோம், கம்பெனில பெரிய லீவு உட்டிருக்காங்கன்னு. லீவு இல்ல கண்ணு. 2011 ஜனவரி கடைசியில சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொல்லி கோர்ட் ஆர்டர் வந்துச்சு, 700க்கு மேல பட்டறை, எல்லாத்துக்கும் கரண்ட்ட புடுங்கிட்டாங்க. யாரையும் குத்தஞ் சொல்ல முடியாது. நொய்யல்ல சாயத்தண்ணி போயி ஒரத்துப்பாளையம் அணை பூரா நாசமாயி, கீழ இருந்த காடு தோட்டமெல்லாம் உப்பு பூத்துக் கெடந்துச்சு, நம்ம அமுச்சி காட்டுக் கெணத்துலயே தண்ணி வாயில வெக்க முடியாது. என்ற பொறந்தவன் தென்னை காயுதுன்னு அழுவான், உங்கப்பா பட்டறை மூடிப் போச்சுன்னு உக்காந்திருப்பாரு, நான் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னேன். நான் பனியன் கம்பெனிக்கு செக்கிங் போனது அப்பதான். உன்கிட்ட சும்மா பொழுது போகலன்னு போறேன்னு சொன்னேன்.

ஒரு நாள் மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்கு வந்தேன். வாசல்ல செருப்புக் கெடக்குது, டிவி ஓடுது. நீ ஸ்கூலுக்குப் போயிருக்கற. அவரு தனியா நாக்காலில உக்காந்து, சத்தத்தக் கொறச்சு வெச்சுகிட்டு, ஜாக்கி சான் பாத்துகிட்டு இருக்கறாரு. நாப்பது வயசு ஆம்பள. நான் அப்படியே பின்னால தண்ணித் தொட்டிப் பக்கம் போயி நின்னுட்டு, சித்த நேரங் கழிச்சு கொலுசு சத்தம் கேக்கற மாதிரி வந்தேன், அதுக்குள்ள அணைச்சுட்டாரு. பொழுதோட நீ வந்து அன்னிக்குப் போட்ட கதைய மறு ஒளிபரப்புல பாத்துட்டு அவருக்கு சொல்லுவ, அவரு ஒண்ணுமே தெரியாத மாதிரி, அப்பறம் என்ன ஆச்சு, அந்தக் கல்லு யார்கிட்ட போச்சுன்னு கேப்பாரு. எல்லாம் பாத்தது. ரொம்ப நாள் கழிச்சு ஏனுங்க அதப் பாத்தீங்கன்னு கேட்டேன். வேற எதப் போட்டாலும் பட்டறை நூஸ் வந்துருது, இதுல வர மாட்டீங்குதுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அப்பா கையில என்ன கலர்னு வெளையாடுவியே, அவரு வேலைல இருந்து வந்து கைய முதுகுக்குப் பின்னால வெச்சுக்குவாரு, நீ பச்சயா ஊதாவான்னு சொல்லணும். பட்டறை மூடுனப்பறம் கை வெளுத்துப் போச்சு. நீ ஏம்ப்பா கலரில்லன்னு கேட்டுட்டு ஸ்கெட்ச் எடுத்து அவரு உள்ளங்கை பூரா செவப்பு அடிச்ச. அவரு கைய நீட்டிகிட்டே உக்காந்திருந்தாரு. ராத்திரி அதக் கழுவாமயே படுத்தாரு.

மார்க்கெட்ல மூட்ட தூக்குனாரு, ராத்திரி வாட்ச்மேன் வேல பாத்தாரு, அது ஒண்ணும் உனக்குத் தெரியாது. பொறகு தண்ணிய சுத்தம் பண்ணி அதே தண்ணிய திரும்ப எடுக்கற மாதிரி பிளாண்ட் போட்டு ஒவ்வொண்ணா பட்டறை தொறந்தாங்க, அவரும் போனாரு, இன்னிக்கு வரைக்கும் போறாரு. வேல இல்லாத ஆளு இந்த ஊட்ல மரியாத கொறஞ்சு ஒரு வாய் சோறு உங்கல கண்ணு. அவருக்கு வெச்ச கொழம்புல நான் உப்பக் கூட மாத்தல. அத நீ தெரிஞ்சுக்கணும்னுதான் இத்தன நீட்டி எழுதறேன், வேற யாருக்கும் சொன்னதில்ல.

இன்னும் ஒண்ணு. நீ மாசா மாசம் போடற பணத்த போடாத. இந்த மாசம் போட்டத நான் தொடல, பேங்க்லயே கெடக்குது, வேணும்னா திருப்பி அனுப்பறேன். இங்க என்ன செலவு எங்களுக்கு, வாடகை உண்டா வட்டி உண்டா. ரூம் வாடகைக்கு வெச்சுக்க. டிவி டியூவெல்லாம் கட்டி முடிஞ்சுதுன்னு நீதான் சொன்ன. பணம் போடாத, அம்மா கோவிச்சுக்க மாட்டேன்.

வெள்ளையடிக்கற வேல இந்த வாரம் முடிஞ்சுரும். முன் ரூமுக்கு வெளிர் நீலம். மல்லிகா அக்கா மகளுக்கு சீர் வெச்சிருக்கு, நீ வந்தா வா, வரலைன்னாலும் நான் மொய் எழுதிக்கறேன், அங்க யாரும் உன்னக் கேக்காம பாத்துக்கறேன். வர்றதுன்னா ராத்திரி பஸ்ல வேண்டாம், பகல்ல வா. எந்தக் கெழம வந்தாலும் சரி, எத்தன நாள் இருந்தாலும் சரி, ஏன் எதுக்குன்னு வாசல்ல வெச்சுக் கேக்க மாட்டேன், அப்பாகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். உன்ற பொட்டிய நான் திரும்ப பரண்ல ஏத்தல, கட்டலுக்கு அடியில வெச்சிருக்கறேன். பேபிளேடு பட்டை கடைல கெடைக்குமான்னு அப்பா கேட்டுப் பாக்கறேன்னாரு.

அந்த அக்கவுண்ட்ட டிவில இருந்து எடுத்துராத. நான் இதச் சொன்னதால வெக்கப்பட்டு எடுத்துருவியோன்னு பயமா இருக்குது, அதனாலயே இத்தன நாள் சொல்லாம இருந்தேன். கோடு ஓடுச்சுன்னா எந்திரிச்சுட்டான், இருக்கறான்னு எனக்கு ஒரு நிம்மதி. நேத்து ராத்திரி நான் படுத்தப்பறம் அப்பா தனியா உக்காந்து ரெண்டு கதை பாத்திருக்கறாரு, ஒண்ணு பாதியில தூங்கிட்டாரு. உனக்கு அங்க செவப்புக் கோடு தப்பாக் காட்டுச்சுன்னா அது அவருதான், நீ மொதல்ல இருந்து ஓட்டிக்க. ஞாயித்துக்கெழம ஊட்லதான் இருப்பாரு. போன எடு.

அம்மா