பன்னீர்ச் சொம்பு பிடிக்கவா சாரணர் படை?

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் திறப்பு விழாவில் தாங்கள் மேடையில் இருந்தீர்கள். வாசலிலிருந்து சாலை முனைவரை இரண்டு வரிசையாக நின்றவர்கள் எங்கள் பள்ளிச் சாரணர்கள். வரச் சொன்னது எட்டரைக்கு. விருந்தினர் வந்தது ஒரு மணிக்கு மேல். பந்தல் நாற்காலிகளுக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

பதினொன்றரை வாக்கில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படியே சரிந்தான். காலையில் சாப்பிடவில்லை. சீருடை கசங்கிவிடும் என்று பஸ்ஸிலும் உட்காராமல் நின்றுகொண்டே வந்திருக்கிறான். அவனை மரத்தடிக்குத் தூக்கிப்போய், காலை உயர்த்தி வைத்து, தன் ஸ்கார்ஃபை நனைத்து முகம் துடைத்துவிட்டது அவன் அணித்தலைவன். அவனே ஒன்பதாம் வகுப்புதான். அன்று அங்கே நடந்த சாரணர் வேலை அது ஒன்றுதான் ஐயா. அதற்குள் விழாக்குழுவிலிருந்து ஒருவர் ஓடிவந்தார்: "வரிசையில இடம் காலியா தெரியுது சார், வேற பையனை நிறுத்துங்க."

நான் கேட்பது ஒரே ஒரு சுற்றறிக்கை. வரவேற்பு வரிசைக்குச் சாரணர்களை அனுப்பக் கூடாது.

1899இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய மாஃபிகிங் நகர முற்றுகையில் சிறுவர்கள் தூது கொண்டுபோனார்கள், காவல் பார்த்தார்கள். நம்பிக் கொடுத்தால் பிள்ளைகள் செய்வார்கள் என்று நகரைக் காத்த ஆங்கிலேயத் தளபதி பேடன் பவல் அங்கே பார்த்ததுதான் பிற்பாடு இந்த இயக்கத்துக்கே விதை. நாம் கொடுப்பது பன்னீர்ச் சொம்பு. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தவறிப்போகும் குழந்தைகளைச் சேர்த்துவைக்கவும், சொட்டு மருந்து முகாமுக்கும் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம்.

2025 ஜனவரியில் மணப்பாறையில் நடந்த ஜம்போரி என்னும் சாரணர் பெருமுகாமுக்கு எங்களிடமிருந்து இரண்டே பேர்தான் போக முடிந்தது. இன்றைக்கும் மற்றவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தருவது அந்த இருவர்தான். அதற்கென்று இருந்த வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையையும் கணக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் முகாமுக்கு அனுமதி கேட்ட கோப்பு நான்கு மாதமாக மேசை மேசையாக நகர்கிறது. விழா என்றால் மட்டும் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். சாரணர் விதிகளில் எட்டாவது, சிக்கனம். அன்று முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு வந்த சாப்பாட்டுப் பொட்டலம் பதினெட்டு. விதியைப் பிள்ளைகளைவிட விழாக்குழுவினர் நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

நான்காவது விதி மரியாதை என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். வரவேற்பு வரிசைக்குச் சாரணர்கள் வேண்டாம் என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும், தலைமையாசிரியர்களும் தைரியமாக மறுப்பார்கள்.

வரும் புதன்கிழமை இன்னொரு விழா. "சாரணர் 30 பேர், காலை 8 மணி" என்று நேற்றிரவே செய்தி வந்துவிட்டது. அதற்கு முன்னால் தங்கள் சுற்றறிக்கை வரவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளிச் சாரண ஆசிரியர் ஒருவர்