சப்போரோ எல்ம்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் நாடுகளில் சாலையோர நிழல் மரமாக வளர்க்கப்படும் எல்ம் மரங்களைக் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆயினும், 'சப்போரோ ஆட்டம் கோல்டு' ('சப்போரோவின் இலையுதிர் காலப் பொன்') என்னும் கலப்பின எல்ம் ரகத்தை 'நோயே அண்டாத மரம்' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது, அதை நம்பி நடுபவர்களைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். இது ஆய்வாளர்கள் திட்டமிட்டு மகரந்தம் சேர்த்து உருவாக்கிய மரம் அன்று. 1950களின் இறுதியில் ஜப்பானின் சப்போரோ நகரிலுள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்திலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்ட விதைகளிலிருந்து, பேராசிரியர் யூஜின் ஸ்மாலியின் கவனிப்பில் வளர்ந்து தேர்வான நாற்று அது. சைபீரிய எல்முக்கும் ஜப்பானிய எல்முக்கும் இடையே தற்செயலாகப் பிறந்த கலப்பு.

இனி நோய்க்கு வருவோம். 'டச்சு எல்ம் நோய்' என்று பெயர் பெற்ற பூசண நோயைப் பட்டை வண்டுகள் பரப்புகின்றன. அவை இளங்கிளைகளின் கவைகளைக் கொறிக்கும்போது பூசண வித்துகள் மரத்துக்குள் நுழைகின்றன. அவற்றைத் தடுக்க மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ள, இலைகள் நீரின்றி வாடிவிடுகின்றன. எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களில் இந்தக் குழாய்கள் பொதுவாகக் குறுகலாக இருப்பதால் பூசணம் வேகமாகப் பரவ இயலாமல் ஓரிடத்தில் அடங்கிவிடுகிறது. நோய் வருவதே இல்லை என்பது இதன் பொருளன்று. வந்தாலும் சில கிளை நுனிகளோடு நின்று, மரம் தேறிவிடும் என்பதே பொருள். 1960இல் நெதர்லாந்தில் வெளியிடப்பட்ட 'கொமலின்' என்ற ரகம் அக்காலத்துப் பூசணத்தைத் தாங்கி நின்றதையும், பின்னர் வந்த வீரியம் மிகுந்த புதிய பூசணத்திடம் தோற்றதையும் கட்டுரையாளர் நினைவில் கொண்டிருக்க வேண்டும். அந்தப் புதிய பூசணத்தையும் சப்போரோ ரகம் நன்றாகவே தாங்குகிறது, அதை மறுப்பதற்கில்லை.

வளர்ச்சியைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. சிவந்த தளிர்கள், பளபளப்பான சிறிய இலைகள், இலையுதிர் காலத்தில் பெயருக்கேற்ற பொன்மஞ்சள் என்று கண்ணுக்கு இனிய மரம்தான். ஆனால் ஏறத்தாழ 18 மீட்டரோடு நின்றுவிடும் இதை, 30 மீட்டரையும் தாண்டி ஓங்கிய பழைய ஆங்கில எல்முக்கு ஈடு என்று சொல்வது (கட்டுரையாளரின் உற்சாகம் புரிகிறது) மிகை. இளமையில் விரைந்து நிமிர்ந்து வளரும்போது ஒன்றுக்கு மேற்பட்ட தண்டுகள் தலைமைக்குப் போட்டியிட்டுக் குறுகிய கோணத்தில் கவைக்கும். பட்டை இடையில் சிக்கிக்கொள்ளும் அத்தகைய கவைகள், மரம் பருத்த பின் பலத்த காற்றில் பிளந்துவிடும். ஆகவே முதல் சில ஆண்டுகளிலேயே ஒரு நடுத்தண்டை மட்டும் விட்டுவைத்துக் கவாத்து செய்துவிட வேண்டும். அதையும் குளிர்கால உறக்கத்தில் மரம் இருக்கும்போது செய்வதே நல்லது. ஏனெனில் மற்றப் பருவங்களில் பச்சை வெட்டுக்காயத்தின் மணம் பட்டை வண்டுகளை ஈர்க்கும். இம்மரம் வறட்சியை ஓரளவு பொறுக்கும், நீர் தேங்கும் நிலத்தைப் பொறுக்காது. நாற்று வாங்குவோர் அது சொந்த வேரில் வளர்ந்த போத்துக்கன்றா என்றும் கேட்டுக்கொள்ளலாம். எதிர்ப்புத்திறன் இல்லாத எல்மின் மேல் ஒட்டுக்கட்டியிருந்தால், அடிக்கன்றின் வழியே நோய் நுழைய இடமுண்டு.

'சாலையெங்கும் இதையே நடலாம்' என்ற முடிவுரையோடுதான் நான் பெரிதும் மாறுபடுகிறேன். ஒவ்வொரு சப்போரோ எல்மும் அந்த ஒரு நாற்றின் நகலே. ஆங்கில எல்மும் விதையால் அன்றி வேர்க்கன்றுகளால் பெருகிய ஒரே மரத்தின் நகல்கள்தாம் என்பதை 2004இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. 1960களின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோயில் பிரிட்டன் 2 கோடிக்கும் மேற்பட்ட எல்ம்களை இழந்ததற்கு அந்த ஒருமைத்தன்மையும் ஒரு காரணம். ஒரு தெருவில் நான்கைந்து எதிர்ப்பு ரகங்களையும், எல்ம் அல்லாத மரங்களையும் கலந்து நடுமாறு அடுத்த இதழில் ஒரு குறிப்பாவது வெளியிட்டால் நன்றியுடையேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்