மேற்குச் சுவரில் கண்ணாடி வேண்டாம்: கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலில் நம் ஆய்வகத்தின் இரண்டாம் மாடி ஃப்ரீசர் நின்றுபோனதும், 'இயந்திரக் கோளாறு' என்று விசாரணை முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். புதிய ஆய்வுக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. இப்போதைய கட்டடத்தைப் போலவே அதிலும் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதிலும் ஃப்ரீசர்கள் நடைபாதையில்தான்.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், உள்ளிருந்து எடுக்கும் சூட்டைத் தான் நிற்கும் இடத்திலேயே கொட்டும். மதியம் மூன்று மணிக்குக் கண்ணாடி வழியே வெயிலும் சேர்ந்தால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும். டேபிள் ஃபேன் வைத்தோம். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் கண்ணாடியில் ஒட்டினோம். அப்படியும் நின்றுவிட்டது. பாகூரிலும் வில்லியனூரிலும் வீடு வீடாகப் போய், "உங்க ரத்தம் வீணாகாதும்மா" என்று சொல்லி வாங்கிய ரத்த மாதிரிகள்தான் அந்த ஃப்ரீசரில் இருந்தவை. அந்த வீட்டுப் படியில் மறுபடி நின்று என்ன சொல்வது? விசாரணை அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

மேற்குச் சுவரில் கண்ணாடி வேண்டாம். ஃப்ரீசர்களுக்குக் குளிரூட்டிய தனி அறை வேண்டும்.

கண்ணாடிதான் நவீனம் என்று குழுவில் சொல்லப்பட்டதாம். கலிபோர்னியாவில் லூயி கான் வடிவமைத்து 1965இல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனத்தை உலகமே போய்ப் பார்க்கிறது. அங்கே ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கும் காற்றுக் குழல்களுக்கும் மின்கம்பிகளுக்கும் என்றே ஆள் நடமாடும் உயரத்தில் ஒரு தளம் உண்டு. ஆய்வகத்தை மூடாமலே பழுது பார்க்கலாம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரிலேயே அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி இருக்கிறது. 1930களில் கட்டத் தொடங்கியது. நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பத் திருப்பிக்கொள்ளும் பலகைகள் அவற்றில் வரிசையாக உள்ளன. அந்தத் தெருவில் நடந்து போனாலே தெரியும்.

இந்த ஊரில் கட்டப்படும் மருத்துவமனை, கல்லூரி, வங்கி எல்லாமே இப்போது கண்ணாடிப் பெட்டிகள்தான். திறப்பு விழாப் படத்தில் நன்றாக இருக்கும். அப்புறம் உள்ளே வேலை செய்கிறவர்கள் திரை வாங்கித் தொங்கவிட வேண்டும். தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த பிறகும் ஜெனரேட்டரைத் தரைத்தளத்தில் வரைந்திருக்கிறார்கள். எங்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

மன்னிக்கவும், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொழில்நுட்பப் பணியாளர்களில் இருவரையாவது அழைத்து, வரைபடத்தை எங்கள் முன் விரித்துவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேறெதை மாற்ற முடியாவிட்டாலும் சரி, மேற்குக் கண்ணாடியை எடுத்துவிட்டு ஃப்ரீசர்களுக்கு ஓர் அறை கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர்,
புதுச்சேரி