ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாஸ்டர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு நாலைந்து பேர் காத்திருப்பார்கள். முன்பெல்லாம் அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இப்போது இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் ஜிம் பையோடு வந்து உட்காருகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நீங்கள் செய்வது நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாக் கடையில் நின்ற பையன்களை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிக் காட்டியிருக்கிறீர்கள். பெற்றவர்களாலேயே முடியாத காரியம் அது. என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான்: கையில் கொடுக்கும் அந்த கீட்டோ, பேலியோ சார்ட், அதாவது சோறு, சர்க்கரையைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் சாப்பாட்டுப் பட்டியல்.

போன வருடம் 23 வயதுத் தம்பி ஒருவன் வந்தான். ஒல்லியான உடம்பு. தீபாவளிக்குள் சிக்ஸ் பேக் வர வேண்டுமென்று இரண்டு மாதமாகச் சார்ட்டில் இருந்தான். காலையில் வெண்ணெயில் பொரித்த ஐந்து முட்டை, மதியம் தேங்காயெண்ணெயில் அரைக் கிலோ கோழி, சாயங்காலம் வெண்ணெய் போட்ட காபி, ராத்திரி பனீரும் நெய்யும். இடையில் நூறு பாதாம். ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிய டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரத்த அணுக்கள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் திரவமான சீரம், வைக்கோல் நிறத்தில் தெளிவாக நின்றது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறியவர்களுக்கு அது நீர்மோர் மாதிரி கலங்கியிருக்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல்லின் துகள் மிகவும் சின்னது. அது எவ்வளவு ஏறினாலும் சீரம் கலங்காது. அதனால் மெஷினில் எல்டிஎல் 218 என்று வந்தபோது நம்ப முடியாமல் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அதே எண்.

வேலைக்குச் சேரும்போது எடுத்த ரிப்போர்ட்டை போனில் வைத்திருந்தான். அதில் எல்டிஎல் 112. மற்றதெல்லாம் நன்றாகவே மாறியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். டிரைகிளிசரைடு 190-லிருந்து 85-க்கு இறங்கியிருந்தது. நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லும் ஹெச்டிஎல் 38-லிருந்து 52-க்கு ஏறியிருந்தது. சோறும் சர்க்கரையும் குறைந்தால் அப்படித்தான் ஆகும். அங்கேயே நின்று அவனுடைய மாஸ்டருக்கு ரிப்போர்ட்டை அனுப்பினான். பதில் உடனே வந்தது: "வெயிட் இறங்கும்போது அப்படித்தான் ஏறும், கண்டுக்காத தம்பி."

மாஸ்டர், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கல்லீரல் செல்களின் மேல், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இருவர் இதைக் கண்டுபிடித்து 1985-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அளவுக்கு மீறிப் போனால் இந்த ஏற்பிகள் குறைகின்றன. பிடிக்க ஆளில்லாமல் எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இதற்கு வருடக்கணக்கெல்லாம் ஆகாது, மூன்று வாரம் போதும்.

நார்வேயில் சரியாக இந்த வயதுக்காரர்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். 2018-இல் வந்த ஆய்வு. 18 முதல் 30 வயதுக்குள், எடை சரியாக இருந்த ஆரோக்கியமான 30 பேர். ஒரு பாதிப்பேர் நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்தோடு கொழுப்பைக் கூட்டிச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் வழக்கமான சாப்பாடு. மூன்றே வாரத்தில் முதல் பிரிவினருக்கு எல்டிஎல் சராசரியாக 44 சதவீதம் கூடிவிட்டது. என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தச் சராசரி இல்லை. ஒருவருக்கு 5 சதவீதம்தான் ஏறியது, இன்னொருவருக்கு 107 சதவீதம். இந்த உணவுமுறையில் எல்டிஎல் அதிகமாக எகிறுவதும் பருமனானவர்களுக்கு இல்லை, பெரும்பாலும் ஒல்லியானவர்களுக்குத்தான். உங்களிடம் சிக்ஸ் பேக் கேட்டு வரும் பையன்கள் முக்கால்வாசி அந்த உடம்புதானே? யாருக்கு 5, யாருக்கு 107 என்று ஆளைப் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

"மூணு மாசம்தானே, அப்புறம் நிறுத்திடுவாங்க" என்பீர்கள். நிறுத்தினால் இறங்கும், உண்மைதான். அந்தத் தம்பியை டாக்டர் பார்த்துச் சாப்பாட்டை மாற்றிய பிறகு, ஐந்து வாரத்தில் எங்கள் லேபிலேயே 121 காட்டியது. நல்லதும் அதே வேகத்தில்தான் நடக்கிறது. ஆனால் எத்தனை பேர் மூன்று மாதத்தில் நிறுத்துகிறார்கள்? கண்ணாடியில் பலன் தெரிந்ததும் சார்ட் ஒரு வருடம் ஓடுகிறது. மூன்று மாதத்தில் மாரடைப்பு வந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன், அது பொய். ஆனால் ரத்தக்குழாயில் படிவது இந்த வயதில்தான் தொடங்குகிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இதயக் குழாயில் நோயின் அடையாளம் இருந்தது. நம் பக்கத்து மக்களுக்கு முதல் மாரடைப்பு வருவதும் மற்ற நாட்டினரைவிட ஐந்தாறு வருடம் முன்னதாக, சராசரியாக 53 வயதில்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். சார்ட் எழுதுவதற்கு முன்னால் ரத்தக் கொழுப்புகளை அளக்கும் ஒரு லிப்பிட் புரொஃபைல், கூடவே தைராய்டு. ஆறு வாரம் கழித்து மறுபடியும் லிப்பிட். முதல் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். பரம்பரையாகவே எல்டிஎல் அதிகமாக இருப்பவர்கள் ஏறக்குறைய 300 பேரில் ஒருவர். அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட பையனுக்கு வெண்ணெய்க் காபி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும். எல்டிஎல் 190-ஐத் தாண்டினால், தயவுசெய்து, டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

அதற்குக் கீழே ஏறியிருந்தால் கொழுப்பை மாற்றுங்கள். பாதாம் இருக்கட்டும், அது எல்டிஎல்லைக் குறைக்கும். வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெய் இருக்கும் இடத்தில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வரட்டும், கோழிக்குப் பதில் வாரத்தில் இரண்டு நாள் மீன். தினமும் ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சேருங்கள். நாளுக்கு 130 கிராம் பயறு சாப்பிட்டாலே எல்டிஎல் 5 சதவீதம் இறங்குவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதில் புரதமும் இருக்கிறது. கீட்டோ என்ற பெயர் போனால் போகட்டும்.

எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் பழைய ரிப்போர்ட்டுகளோடு உங்கள் ஜிம்முக்கே வருகிறேன், பெயர்களை மறைத்துவிட்டு. எந்த வரி எதைச் சொல்கிறது என்று பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சேர்த்தே விளக்குகிறேன். ஒரு மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்