அவன் என்ன முறை வேணும்? செய்தியறை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழ்களில் இரவெல்லாம் கண்விழித்துத் தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

கண்ணில் புரை முற்றிய எங்கள் அப்பத்தாவுக்குக் காலையில் செய்தித்தாள் படித்துக் காட்டுவது என் வேலை. போன வாரம் ஒரு செய்தி: ‘கல்லூரி மாணவியைக் கேலி செய்ததைத் தட்டிக்கேட்ட அண்ணனுக்குக் கத்திக்குத்து’. படித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். அப்பத்தா விடவில்லை.

“கேலி பண்ணுனானா? அவன் அந்தப் புள்ளைக்கு என்ன முறை வேணும்?”

முறையெல்லாம் ஒன்றும் இல்லை, யாரோ ஒருவன், பஸ் ஸ்டாப்பில் தினமும் வழிமறித்திருக்கிறான் என்றேன்.

“பெறகு அதப் போயி ஏன் கேலிங்கிறான் பேப்பர்காரன்?”

என்னிடம் பதில் இல்லை. கேள்வி உங்களுக்கு உரியது என்பதால் அனுப்பிவைக்கிறேன்.

அப்பத்தாவுக்குத் தெரிந்த கேலிக்கு ஓர் இலக்கணம் உண்டு. மதனி கொழுந்தனைக் கேலி பேசலாம். மச்சானும் மச்சானும் மணிக்கணக்கில் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளலாம். மாமனாரிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நலங்கில் மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும் பாட்டாகவே பாடுவார்கள். அடுத்த பாட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார்கள். அந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் முக்கியம். ‘சும்மா கேலிக்குச் சொன்னேன்’ என்ற பிறகும் எதிரே இருப்பவர் முகம் மலரவில்லை என்றால், சங்கடப்பட்டு நிற்க வேண்டியவர் சொன்னவர்தான்.

சொல்லின் பிறப்பும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. வடமொழியில் கேலி என்றால் விளையாட்டு. நம் கேளிக்கையும் அதன் வழி வந்ததுதான். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. அங்கே எள்ளலுக்கு உரை எழுதும் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது மற்றொன்று. எள்ளப்பட்டவருக்கும் சிரிப்பில் பங்கு வைத்துவிட்டார் மனிதர். பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்தப் பெண்ணுக்கு எந்தப் பங்கு?

கேலி எப்போதும் பூப்போல மெத்தென்று இருந்தது என்று சொல்ல வரவில்லை. கேலிக்கூத்து, கேலிப்பொருள் இரண்டிலும் கசப்பு உண்டு. உங்கள் தாளிலேயே கேலிச்சித்திரக்காரர் அமைச்சரின் மூக்கை முழ நீளத்துக்கு இழுக்கிறார். அது அதிகாரத்தில் இருப்பவர்மேல் பாய்வதால் நமக்கு இனிக்கிறது. உருவக்கேலி என்ற புதுச்சொல்லையும் நான் குறை சொல்லமாட்டேன். அதைச் சொல்லும்போதே தப்பு என்று தொனிக்கிறது. வெறும் ‘கேலி’யில் அது தொனிக்கவில்லை.

இந்தக் கோளாறு ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். டீசிங்கைத் தமிழாக்கினால் கேலி, தீர்ந்தது வேலை. தமிழ்நாட்டில் 1998இல் வந்த சட்டத்தின் பெயரிலும் முதலில் ஈவ் டீசிங்தான் இருந்தது. பிற்பாடு அதைத் திருத்தி, பெண்ணைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். சட்டப் புத்தகமே மாற்றிக்கொண்டது. உங்கள் தலைப்பு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

அதே 1998இல் இலங்கையும் ராகிங்குக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது, 20ஆம் இலக்கம். ராகிங்குக்கு அங்குள்ள தமிழ்ச்சொல் பகிடிவதை. பகிடி என்றால் நம் கேலிதான். பின்னால் ‘வதை’யை ஒட்டிய கணமே சிரிப்பு செத்துவிடுகிறது பாருங்கள். இங்கேயும் ‘பகடிவதை’ என்று எழுதப் பழகிவிட்டோம். கல்லூரி விடுதிக்குள் நடப்பதற்கு வதை, வாசலில் நடப்பதற்குக் கேலி என்பது என்ன கணக்கு?

உங்கள் சங்கடமும் புரிகிறது. ‘கேலி’ இரண்டே எழுத்து, ஒற்றைப் பத்தியில் அடங்கிவிடும். ‘துன்புறுத்தல்’ அடங்காது. ‘தொல்லை’ மூன்றெழுத்துதான், பரவாயில்லை. ‘சீண்டல்’ எனக்குப் பிடிக்கவில்லை. விரல் நுனி பட்டதுபோல லேசாக ஒலிக்கிறது.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. காவல் நிலையக் குறிப்பில் ‘கேலி செய்ததாக’ என்று வந்தால், நிருபரைக் கூப்பிட்டு ‘என்ன செய்தான்?’ என்று கேளுங்கள். பின்தொடர்ந்தானா, கையைப் பிடித்தானா, கெட்ட வார்த்தை பேசினானா, போன் நம்பர் கேட்டு மிரட்டினானா? வருகிற வினைச்சொல்லையே தலைப்பில் வையுங்கள். ‘மாணவியை வழிமறித்ததைத் தட்டிக்கேட்ட அண்ணனுக்குக் கத்திக்குத்து’. எழுத்து ஒன்றும் கூடவில்லை, எண்ணிப் பாருங்கள். வேறொரு தலைப்பில் நான்கைந்து கூடினால், பக்கத்தில் இருக்கும் துணிக்கடை விளம்பரத்தைக் கொஞ்சம் நெருக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
நாளைக் காலையும் அப்பத்தாவுக்கு உங்கள் தாளைப் படித்துக் காட்ட வேண்டிய ஒரு வாசகி