கணினிக் கணக்கைக் கேள்வி கேட்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிக நிறுவனங்களில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தின் பயன்பாடு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கொள்முதல், சரக்கு இருப்பு, விற்பனை, சம்பளப் பட்டியல் ஆகிய அனைத்தையும் ஒரே மென்பொருளில் இணைப்பதால் கிடைக்கும் வேகத்தையும் சிக்கனத்தையும் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருந்தார். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், கணக்குத் தணிக்கைப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். கணினி காட்டும் எண் தவறாக இருக்கும்போது, அதைத் தவறென்று சொல்லித் திருத்தவைக்க நிறுவனத்துக்குள் யாருக்கு வழி இருக்கிறது?

அன்றாட அலுவலக வேலைக்குக் கணினியை முதன்முதலில் பயன்படுத்தியது, பிரிட்டனில் தேநீர்க் கடைகளை நடத்திவந்த லயன்ஸ் நிறுவனம். அது தானே உருவாக்கிய ‘லியோ’ என்ற கணினி, 1951-ல் அதன் அடுமனைகளின் கணக்கைப் போடத் தொடங்கியது. கணினி வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, அலுவலக நடைமுறைகளை ஆராய்வதற்கென ஒரு தனிப் பிரிவு அங்கே இயங்கிவந்தது. பின்னர், கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கணக்கும் கணினிக்கு மாறியபோது, வழக்கமான அளவு கணினியில் பதிவாகியிருக்க, அன்றன்று கூட்டவோ குறைக்கவோ வேண்டியதைக் கடைப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொல்லித் திருத்தும்படி வேலையை வகுத்திருந்தார்கள். சரக்கைக் கண்ணால் பார்ப்பவரின் சொல்லுக்கு அந்த ஆரம்பகால அமைப்பிலேயே இடம் இருந்தது. பிற்காலத்தில் நான் தணிக்கை செய்த பல நிறுவனங்களின் மென்பொருள்களில் அத்தகைய இடத்தைக் காண முடியவில்லை.

சரக்கு இருப்பையே எடுத்துக்கொள்வோம். பார்கோடு 1974-ல் பல்பொருள் அங்காடிக்கு வந்த பிறகு, விற்ற பொருள் விற்ற நொடியிலேயே இருப்பிலிருந்து கழிகிறது. ஆனால், ஒரே விலையுள்ள இரண்டு வகைப் பொருள்களில் ஒன்றையே இருமுறை ஸ்கேன் செய்துவிட்டால், ஒரு வகையின் இருப்பு குறைந்தும் மற்றதன் இருப்பு கூடியும் நிற்கும். உடைந்த பொருளைக் கணக்கிலிருந்து நீக்க மறப்பதும், வந்திறங்கிய பெட்டிகளை எண்ணாமல் விலைப்பட்டியலில் உள்ள எண்ணிக்கையை அப்படியே பதிவதும் இவ்வாறே பிழையைச் சேர்க்கின்றன. அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அலமாரி காலி, கணினியிலோ பன்னிரண்டு உருப்படிகள் இருப்பதாகக் காட்டுகிறது. இருப்பு இருப்பதாகக் கருதுவதால் மென்பொருள் புதிய கொள்முதல் ஆணையை அனுப்புவதில்லை. பொருள் இல்லாததால் விற்பனையும் இல்லை. விற்பனை இல்லாததைக் கண்ட அறிக்கை, அந்தப் பொருளுக்குத் தேவையே இல்லை என்று மேலாளரிடம் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தேவையை முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருள்களும் இதே பதிவுகளைத்தான் நம்பியிருக்கின்றன. அலமாரி காலியாக இருப்பது அங்கே நிற்கும் ஊழியருக்குத் தெரியும். ஆனால் இருப்பைத் திருத்தும் அனுமதி அவருடைய லாகினுக்குக் கிடையாது.

இது சரக்கோடு நின்றால் நட்டத்தோடு போயிற்று என்று ஆறுதல் கொள்ளலாம். மனிதர்களின் வாழ்வையே இது அழித்திருக்கிறது. பிரிட்டனின் அஞ்சலக நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளை நிறுவியது. கிளையின் கையிருப்புக்கும் கணினிக் கணக்குக்கும் இடையே பற்றாக்குறை காட்டப்பட்டபோதெல்லாம், கிளையை நடத்தியவரே அதை ஈடுகட்ட வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. கணக்கு தவறு என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது எடுபடவில்லை. திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காக 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் சென்றார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019-ல்தான் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024-ல் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளை நாடாளுமன்றம் நீக்க வேண்டியதாயிற்று. மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தாரால் தொலைவிலிருந்தே கிளைக் கணக்குகளுக்குள் நுழைய முடிந்தது என்ற உண்மையும் நீண்ட காலம் மறுக்கப்பட்டுவந்தது. எந்த மென்பொருளிலும் பிழை நேரலாம் என்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. கணக்கு எழுதியவரின் வாக்கைவிடக் கணினியின் எண்ணை நிறுவனம் நம்பியதும், அந்த எண் எப்படி வந்தது என்று பார்க்கும் வழியை அவருக்குத் தர மறுத்ததும்தான் மன்னிக்க முடியாதவை.

எனவே, மென்பொருள் வாங்க முனையும் நிறுவனங்கள் விலையையும் வசதிகளையும் கேட்பதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். ஒரு பதிவை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது அழியாமல் இருக்கிறதா? பழைய பதிவை அழித்துத் திருத்த விடுகிறதா, அல்லது பழையதை அப்படியே விட்டு, அதை ஈடுசெய்யும் எதிர்ப்பதிவு போட்டுத்தான் திருத்த முடியுமா? இரண்டாவது முறையே சரி என்பதைக் கணக்குப்பிள்ளைகள் கணினிக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஆளுக்கொரு லாகின் தராமல் ஒரே பாஸ்வேர்டைப் பலரும் பயன்படுத்தினால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் வீண். புதிய முறைக்கு மாறும்போது பழைய கணக்கையும் சில மாதங்கள் சேர்த்து எழுதி இரண்டையும் ஒப்பிடுவது செலவு பிடிக்கும் வேலைதான். எனினும் அதைத் தவிர்க்கச் சொல்லும் ஆலோசகரை நான் நம்பமாட்டேன். ஆண்டு முடிவில் ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, வாரந்தோறும் சில பொருள்களை மட்டும் எண்ணிக் கணினி இருப்போடு ஒத்துப்பார்ப்பது பிழையை முளையிலேயே காட்டிக்கொடுக்கும். வேறுபாட்டைச் சுட்டிக்காட்டும் ஊழியர் மீது முதலில் சந்தேகப்படும் வழக்கம் இருக்கும் இடத்தில் எவரும் வேறுபாட்டைச் சொல்லமாட்டார். எண்ணிக்கைத் தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

தங்கள் கட்டுரையாளர் உரிமையாளர்களிடமும் மென்பொருள் நிறுவனத்தாரிடமும் பேசி எழுதியிருக்கிறார். அடுத்த முறை, பில் போடுபவரிடமும் கிடங்குப் பொறுப்பாளரிடமும் கணக்குப் பிரிவினரிடமும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன். கணினி தவறான எண்ணைக் காட்டிய நாளில் அவர்கள் யாரிடம் சொன்னார்கள், அது திருத்தப்பட எவ்வளவு காலம் ஆயிற்று என்ற விவரம் வாசகர்களுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்